மாலத்தீவில் டீச்சர் வேலை: முதல் பெட்டியிலிருந்து முதல் படகுப் பயணம் வரை

வேலை உறுதி என்று மின்னஞ்சல் வந்த அன்று எல்லோரும் மாலத்தீவுப் படங்களைத்தான் தேடிப் பார்க்கிறோம். நீலக் கடலில் கால் ஊன்றி நிற்கும் மரக்குடில்கள் வரும். அவையெல்லாம் ரிசார்ட் தீவுகள். டீச்சர் போவது ஊர்த்தீவுக்கு. அங்கே ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், இரண்டு மூன்று பள்ளிவாசல், ஏழெட்டுக் கடை, ஒரு படகுத்துறை இருக்கும். சுமார் 1,190 தீவுகள் உள்ள நாட்டில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்குள்தான். அவற்றில் ஒன்றில், வடக்கே ஹா தாலு அட்டோலில் (அட்டோல் என்றால் பவளத்தீவுக் கூட்டம்), நான்கு ஆண்டு கணக்குப் பாடம் எடுத்தேன்.

அந்த நான்கு ஆண்டில் தமிழ்நாடு, கேரளம், இலங்கை என்று பல ஊர் ஆசிரியர்கள் வந்துபோவதைப் பார்த்தேன். மூன்றே மாதத்தில் ஊர் திரும்பியவர்கள் யாரும் சம்பளம் போதாமல் போகவில்லை. படகு எப்போது வரும், வெங்காயம் எப்போது தீரும், வெள்ளிக்கிழமை முழுக்க என்ன செய்வது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே இருந்து மனம் சோர்ந்து போனார்கள். ஊர்த்தீவில் காய்கறி, வைத்தியம், விடுமுறை எல்லாமே படகுக் கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்கு பிடிபட்டால் அத்தனை நிம்மதியான வாழ்க்கை வேறெங்கும் எனக்கு அமைந்ததில்லை. புதிதாகப் போகிறவர்களுக்கு அதைப் படிப்படியாகச் சொல்லிவிட நினைக்கிறேன்.

கிளம்பும் முன்

வேலைக் கடிதத்தில் அட்டோலின் பெயரும் தீவின் பெயரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "மாலத்தீவில் ஒரு பள்ளி" என்று மட்டும் சொல்லும் ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள். அடுத்து ஒப்பந்தம். தங்க இடம் தருகிறார்களா, வாடகைப்படி தருகிறார்களா? ஊருக்குப் போய்வர டிக்கெட் யார் செலவு? சம்பளம் அந்நாட்டு ருஃபியாவிலா, டாலரிலா? மருத்துவக் காப்பீடு உண்டா? இடையில் விலகினால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும்? இந்த ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் வரும்வரை பெட்டி கட்ட வேண்டாம்.

பட்டச் சான்றிதழ், பி.எட்., அனுபவச் சான்றிதழ், போலீஸ் நற்சான்று எல்லாவற்றையும் முறையாகச் சான்றொப்பம் வாங்கி இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை அனுமதிக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வையுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசுத் தளத்தில் பயணிப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் அது போலி.

பெட்டியில் என்ன வைக்கக்கூடாது என்பதை மனசில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். மது, பன்றி இறைச்சி இரண்டும் கூடாது. வழிபாட்டுக்கான சிலைகளும் கூடாது. சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். அம்மா கொடுத்தனுப்பிய சின்னப் பிள்ளையார் என்று சொன்னாலும் சட்டம் சட்டம்தான். மாலத்தீவு முழுக்க முழுக்க இஸ்லாமிய நாடு, பிற மத வழிபாட்டைப் பொதுவில் நடத்த முடியாது. உங்கள் அறைக்குள் கண்மூடி வேண்டிக்கொள்வதை யாரும் கேட்கப்போவதில்லை. சிலையை மட்டும் வீட்டுப் பூஜையறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: இட்லித்தட்டு, மூன்று லிட்டர் குக்கர், தோசைக்கல், புளி, பெருங்காயம், கடுகு, உளுந்து, சாம்பார்பொடி. மிக்ஸி கொண்டுபோனால் சதுரக் கால் மூன்று உள்ள பிரிட்டிஷ் வகைப் பிளக்குக்கான அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சில மாதத்துக்கானதை டாக்டர் சீட்டோடு கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் சின்னத் தீவின் மருந்துக்கடையில் உங்கள் பிராண்ட் இருக்காது. உடை பருத்தியாக, கை மறைப்பதாக இருந்தால் நல்லது. ஆண்களுக்குப் பல பள்ளிகளில் டை கட்டாயம்.

மாலேயில் இறங்கியதும்

விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. 2018-இல் திறந்த கடற்பாலம் வழியாகத் தலைநகர் மாலேவுக்குப் பஸ்ஸும் டாக்ஸியும் போகின்றன. ஃபெரியில் போனால் பத்து நிமிடம். முதல் தடவை ஃபெரியிலேயே போங்கள், இனிமேல் கடல்தான் உங்களுக்குத் தெரு.

கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். வீட்டுக்குப் பேசுகிறவர்களுக்கு இது தினமும் வேண்டிய கணக்கு. மாலேயில் இருக்கும் ஓரிரு நாளில் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள், வேலை விசாவுக்கு அது வேண்டும். திராகு, ஊரிடூ இரண்டில் ஒன்றில் சிம் வாங்குங்கள். எதை வாங்குவது என்று நீங்கள் போகும் தீவில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்க வேண்டாம். போனில் வைபர் கட்டாயம் இருக்க வேண்டும். நம் ஊரில் வாட்ஸ்அப் எப்படியோ, அங்கே வைபர் அப்படி. பள்ளி அறிவிப்பு, பெற்றோர் கேள்வி, படகு நேரம், "கடையில் முருங்கைக்கீரை வந்திருக்கிறது" என்ற செய்தி எல்லாம் அதில்தான் வரும். இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்வதும் இந்த நாட்களிலேயே முடியட்டும்.

அங்கிருந்து தீவுக்கு உள்நாட்டு விமானமோ லான்ச்சோ. வேகப்படகைத்தான் லான்ச் என்பார்கள். உள்நாட்டு விமானத்தில் சுமை வரம்பு குறைவு, இட்லித்தட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு வையுங்கள். லான்ச்சில் பின்பக்க இருக்கை பிடியுங்கள். முன்பக்கம் அலையில் எகிறி எகிறி விழும், இடுப்பு வலித்துவிடும். சான்றிதழ், பாஸ்போர்ட், போன் மூன்றையும் தண்ணீர் புகாத பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையும் தண்ணீரும்

பெரும்பாலும் ஓர் ஊர்க்காரர் வீட்டின் பக்கவாட்டில் அறை கிடைக்கும். சமையலறை பொதுவாக இருக்கலாம். சாவி வாங்கும் முன் தண்ணீர்க் குழாயைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நிலத்தடி நீர் பல தீவுகளில் உப்புக் கரிக்கும், வாடை அடிக்கும். குளிக்கலாம், குடிக்கக் கூடாது. குடிக்க மழைநீர்த் தொட்டி இருக்கும், அல்லது கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுவார்கள். எது எந்தக் குழாயில் வருகிறது என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு, டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி இருந்தால் கரண்ட் பில் யார் கட்டுவது என்று அன்றைக்கே பேசிவிடுங்கள். பின்னால் மனஸ்தாபம் வருவது இதில்தான்.

பள்ளி

ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி. வெள்ளியும் சனியும் விடுமுறை. திவேஹி மொழியும் இஸ்லாமும் உள்ளூர் ஆசிரியர்கள் எடுப்பார்கள். மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில், மேல்வகுப்புகளில் கேம்பிரிட்ஜ் தேர்வுகளை நோக்கி நடக்கும். நம் பாடநூல் முறையில் பழகியவர்கள் பழைய கேள்வித்தாள்களை இறக்கி, மதிப்பெண் விளக்கத்தோடு ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. கணக்கில் விடை சரியாக இருந்தால் போதாது, படிக்குப் படி மதிப்பெண் உண்டு.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது. கத்தினாலும் வேலைக்கு ஆகாது. அவர்கள் உங்களை "மிஸ்", "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே தோளில் கைபோடுவார்கள், சாயங்காலம் துறையில் பார்த்தால் ஓடிவந்து நிற்பார்கள். அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்ட ஓர் ஆசிரியர் இரண்டாண்டும் தனியாகவே இருந்துவிட்டுப் போனார். எனக்கு அதில் இன்றும் வருத்தம். டியூஷன் எடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் பள்ளியில் கேளுங்கள். வேலை விசாவில் இருக்கும்போது அனுமதியில்லாமல் வெளியே சம்பாதிப்பது சிக்கலில் போய் முடியும்.

ரமலானில் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். அறையில் சாப்பிட்டுக்கொள்ளலாம். மாலையில் நோன்பு திறக்க யாராவது கூப்பிடுவார்கள், கட்டாயம் போங்கள்.

சமையலும் சந்தையும்

மாலேயிலிருந்து சப்ளை போட் வரும் கிழமையைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அன்று மாலை துறையிலோ கடையிலோ நின்றால் தக்காளி, வெண்டைக்காய், கொத்தமல்லி கிடைக்கும். மறுநாள் போனால் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் மிச்சம் இருக்கும். வெங்காயம், உருளை, முட்டை, அரிசி, மாவு, பருப்பு எல்லாம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போகிறவை. 1981-இல் போட்ட வர்த்தக ஒப்பந்தப்படி இவற்றுக்கு இந்தியா தனி ஒதுக்கீடு தருகிறது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிய தோணிகள் மாலேவுக்குப் போய்வருவது பழைய வழக்கம். தோணி என்ற சொல்லே அங்கேயும் படகுக்குப் பெயர். நாங்கள் மாசிக்கருவாடு என்று வாங்கிச் சம்பல் அரைப்பதும் அந்தக் கடலில் பிடித்த சூரைதான். அவர்கள் மொழியில் 'மஸ்' என்றால் மீன்.

உங்கள் முதல் நண்பர் வீட்டுக்காரம்மாவாக இருக்கட்டும். என் வீட்டுக்காரம்மாவை ஊரே 'தத்தா' என்று கூப்பிடும், அக்கா என்று பொருள். ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் அவர் மஸ் ஹூனி என்ற மீன்-தேங்காய்ப் பிசையல் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'ஹுனிகொண்டி' என்ற குட்டிப் பலகைமேல் உட்கார்ந்து, அதன் முனையில் நீட்டியிருக்கும் பல்லில் தேங்காய்மூடியைத் திருவினார். எங்கள் பாட்டி வீட்டுத் திருவலைக்கு அது ஒன்றுவிட்ட தங்கை. நறுக்கிய வெங்காயம், கொஞ்சம் பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு நான்கையும் கையால் நன்றாகப் பிசைந்து, வெங்காயம் தண்ணீர் விட்டபிறகுதான் உதிர்த்த மீனைப் போட்டார். தேங்காய் கடைசியில். முதலிலேயே தேங்காயைப் போட்டால் காரம் ஏறாது என்று கையை ஆட்டிக் காட்டினார். சூடான ரொஷியை (மெல்லிய ரொட்டி) பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அங்கே மிளகாய் சிறிதாக, குண்டாக, மணமாக இருக்கும். நம் அளவில் போட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

சைவக்காரர்களுக்குச் சிரமம்தான், மறைக்க மாட்டேன். மீன் இல்லாத கறி அங்கே அபூர்வம். 'மஸ் நுலா' (மீன் போடாமல்) என்ற இரண்டு சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, பூசணி, பப்பாளி, கறிவேப்பிலை, ஈரப்பலா, தேங்காய் எல்லாம் தீவிலேயே விளையும். முருங்கைக்கு அங்கே 'முரங்கா' என்றுதான் பெயர். கேட்டால் வேலியிலிருந்து ஒடித்துக் கொடுப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். பதிலுக்கு இட்லி கொண்டுபோய்க் கொடுங்கள்.

பணம்

பேங்க் ஆஃப் மால்டிவ்ஸ் கணக்கும் அதன் செயலியும் இருந்தால் தீவில் பணத்தாளே தேவைப்படாது. கடையில் பணம் அனுப்பி, ரசீதுப் படத்தை வைபரில் போட்டால் போதும். ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா மாலேயில் 1974 முதல் இருக்கிறது. ஊருக்குப் பணம் அனுப்புவதுதான் கொஞ்சம் தொல்லை. அந்நாட்டில் டாலர் தட்டுப்பாடு அடிக்கடி வரும், மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். வங்கியில் அந்த மாத வரம்பைக் கேட்டுவிட்டு வீட்டு லோன் தவணைத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிந்தவர் மூலம் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். என்னோடு இருந்த ஒருவருக்கு மூன்று மாதச் சம்பளம் அப்படிப் போயிற்று.

வெள்ளி, சனி

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடியும்வரை கடைகள் பூட்டியிருக்கும். பல ஃபெரி வழிகள் அன்று ஓடாது. வார இறுதிப் பயணத்தின் முதல் விதியே இதிலிருந்துதான் வருகிறது. போவதென்றால் வியாழன் பள்ளி விட்டதும் கிளம்பிவிட வேண்டும், சனிக்கிழமை திரும்பிவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் எங்கும் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் தீவை ஒருமுறை கரையோரமாகச் சுற்றி நடங்கள். தெருவோரம் இரும்புச் சட்டத்தில் கயிற்றுவலை பின்னிய இருக்கைகள் இருக்கும், 'ஜோலி' என்பார்கள். யாராவது கூப்பிட்டால் உட்காருங்கள். "ஹாலு கிஹினே?" என்று நலம் கேட்பார்கள், "ரங்களு" என்றால் நலம். நன்றி சொல்ல "ஷுகுரிய்யா". இந்த மூன்றும் தெரிந்தால் தேநீர் வந்துவிடும்.

மூன்றாவது வாரம் கடலில் இறங்குங்கள். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது, பெண்களுக்கு இன்னும் குறைவு. உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், சக ஆசிரியை ஒருவரோடு பழகினால் மூன்று மாதத்தில் மிதக்கலாம். பெண்கள் முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையுமாகவே இறங்கலாம், ஊர்ப்பெண்களும் அப்படித்தான் குளிக்கிறார்கள். காலில் ரப்பர் செருப்பு வேண்டும், பவளப்பாறை கத்திபோல் கிழிக்கும். ஆழமில்லாத தண்ணீரில் முழ நீளத்தில் கருப்பு முதுகுச்செதில் நுனியோடு சுறாக்குஞ்சுகள் கால் பக்கமாக வரும். அசையாமல் நில்லுங்கள், தானாக விலகிப்போகும். பயப்பட வேண்டியது நீரோட்டத்துக்குத்தான். பாறை முடிந்து கடல் கருநீலமாகும் இடத்துக்கும், இரண்டு தீவுக்கு நடுவே உள்ள கால்வாய்ப் பக்கமும் ஊர்க்காரர் துணையில்லாமல் போகவே கூடாது.

அடுத்த படி, ஆளில்லாத தீவுக்குப் பிக்னிக். பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு தோணி பேசி, டீசல் காசைப் பங்கு போட்டால் செலவு அதிகமில்லை. தீவு யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டு அனுமதி வாங்குவதைப் படகுக்காரரே பார்த்துக்கொள்வார். குடிதண்ணீரைக் கணக்கைவிட இரண்டு மடங்கு ஏற்றுங்கள். மிளகாய் அரைத்துப் பூசிய மீனைத் தென்னம்பாளை நெருப்பில் சுட்டுத் தருவார்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பவளம் பொறுக்கி ஊருக்கு எடுத்துவரும் ஆசை வேண்டாம். ஆமை ஓடு, பவளம் இரண்டையும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம்.

பக்கத்துத் தீவுகளுக்கு இப்போது போக்குவரத்து எளிது. 2022 முதல் ஆர்.டி.எல். என்ற அரசு வேகப்படகுகள் வடக்கு அட்டோல்களில் தொடங்கி ஓடுகின்றன. நேர அட்டவணை மாறும், முதல் நாள் இரவு பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அருகில் இருந்த நகரம் குல்ஹுதுஃபுஷி. நல்ல சந்தை, பெரிய ஆஸ்பத்திரி, தென்னைநார்க் கயிறு திரிக்கும் பெண்கள், எல்லாம் அங்கே. இன்னும் வடக்கே ஹா அலிஃப் அட்டோலில் உத்தீமு தீவு. போர்ச்சுக்கீசியரை 1573-இல் விரட்டிய முகம்மது தகுருஃபானு பிறந்த மரவீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தாழ்வான அறைகள், தொங்கும் ஊஞ்சல் கட்டில், விளக்குகள். தகுருஃபானு இரவில் படகோட்டி வந்து தீவு தீவாகத் தாக்கிவிட்டு விடியும் முன் மறைந்துவிடுவாராம். அதை ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் என்னிடம் சொன்னபோது, நேற்று நடந்ததுபோல் கைகளை வீசிச் சொன்னார்கள்.

வானிலை பார்க்கத் தெரியாமல் பயணம் போகாதீர்கள். 'இருவை' என்பது வடகிழக்குக் காற்று, ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, கடல் அமைதியாக இருக்கும். 'ஹுளங்கு' தென்மேற்குக் காற்று, மழையும் அலையும். பெரியவர்கள் ஆண்டு முழுவதையும் 27 'நகை' என்ற காலப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று பதினாலு நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அஸ்ஸித, புருணு, கெதி, ரோணு என்று ஒருவர் சொல்லச் சொல்ல எனக்கு உடல் சிலிர்த்தது. அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி! நம் நட்சத்திரங்களை வைத்தே அவர்கள் கடலைக் கணிக்கிறார்கள். ஏப்ரல் 8-இல் அஸ்ஸித பிறக்கும்போதே ஹுளங்கு தொடங்கிவிட்டது என்பார்கள்.

முதல் ஆண்டு ரோணுவில், பக்கத்துத் தீவுக்குப் போன நான் சனிக்கிழமை படகு ஓடாமல் மாட்டிக்கொண்டேன். ஞாயிறு முதல் பாடவேளைக்கு வகுப்பில் டீச்சர் இல்லை. வானிலைத் துறை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறத்தில் எச்சரிக்கை விடும். அன்று மஞ்சள் வந்திருந்தது, நான் பார்க்கவில்லை. அதன்பிறகு மஞ்சள் என்றாலே பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவேன்.

நீண்ட விடுமுறையில்

நான்கைந்து நாள் சேர்ந்து கிடைத்தால் மாலேயில் ஒரு நாள் போதும். 1658-இல் பவளக்கல்லைச் செதுக்கிக் கட்டிய ஹுகுரு மிஸ்கிய் பள்ளிவாசலை வெளியே நின்று சுற்றிப் பாருங்கள், உள்ளே போக அனுமதி வேண்டும். பிற்பகலில் மீன்சந்தை, பக்கத்திலேயே காய்ச்சந்தை. திரும்பும்போது ஊருக்கே வெண்டைக்காய் வாங்கி வருவீர்கள்.

மே முதல் நவம்பர் வரை என்றால் பா அட்டோலுக்குப் போங்கள். 2011-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த இடம். அங்கே ஹனிஃபாரு விரிகுடாவில் மிதவையுயிர்களைத் தின்னக் கூட்டமாக மேண்டா திருக்கைகள் வரும். ஸ்கூபா அனுமதியில்லை, மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்க்கலாம். நன்றாக மிதக்கப் பழகியபிறகே போங்கள். தெற்கே, நிலநடுக்கோட்டைத் தாண்டி ஃபுவம்முலாவும் அட்டுவும் இருக்கின்றன. ஃபுவம்முலாவில் நன்னீர் ஏரிகள் இரண்டு உண்டு, அட்டுவில் தீவுகளை இணைக்கும் சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே போகலாம். தீவு வாழ்க்கையில் நீளமான சாலை ஒன்றைப் பார்ப்பதே பெரிய சந்தோஷம். இந்த இரண்டுக்கும் விமானம்தான். டிக்கெட்டைப் பள்ளி விடுமுறைத் தேதி வந்த அன்றே போட்டுவிடுங்கள், ஊர்க்காரர்களும் அதே தேதியில்தான் பயணம் போவார்கள்.

எங்கே போனாலும் இரண்டு காரியம் செய்யுங்கள். கிளம்பும் முன் எந்தப் படகு, எத்தனை மணி, யாரோடு என்று பள்ளி வைபர் குழுவில் எழுதுங்கள். திரும்பி வருவதற்கான இடத்தைப் போகும்போதே படகுக்காரரிடம் சொல்லி வையுங்கள். அவர் உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பாவாகத்தான் இருப்பார். "மிஸ் வரும்வரை கயிற்றை அவிழ்க்க மாட்டேன்" என்று அவர் சொன்னால் நம்பலாம். எனக்காகப் பலமுறை நின்றிருக்கிறார்கள்.